கெட்ட செய்தி உங்களிடம் எத்தனை நாளில் வந்து சேருகிறது? பணியிடக் கலாச்சாரத்தைச் சீர்செய்யத் தலைவர்களுக்கு ஒரு கையேடு

உங்கள் அலுவலகத்தின் கலாச்சாரம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருத்துக்கணிப்பு எதுவும் வேண்டாம். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் பிரிவில் நடந்த மூன்று பெரிய தவறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் கீழே இருப்பவர்களில் ஒருவர் முதன்முதலில் கவனித்தது எந்தத் தேதி, உங்கள் காதுக்கு வந்தது எந்தத் தேதி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இடைவெளி ஒரு நாள் என்றால் நல்லது. மூன்று வாரம் என்றால், அந்த மூன்று வாரமும் யாரோ ஒருவர் “சொல்லலாமா, வேண்டாமா” என்று மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவரை அப்படிப் புழுங்க வைத்தது எதுவோ, அதுதான் உங்கள் பணியிடக் கலாச்சாரம்.

சுவரில் மாட்டிய வாசகங்கள் இந்தக் கணக்கில் வராது. 2001 டிசம்பரில் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் தன் விழுமியங்கள் என்று அறிவித்திருந்த நான்கில் மரியாதையும் நேர்மையும் இருந்தன. நிறுவனக் கலாச்சாரத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்கர் ஷைன், ஊழியர்கள் தலைவரிடம் உண்மையில் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பட்டியலிட்டார். தலைவர் எதை விடாமல் விசாரிக்கிறார், எதை அளக்கிறார், நெருக்கடி வந்தால் எப்படி நடந்துகொள்கிறார், பணத்தையும் ஆட்களையும் எங்கே ஒதுக்குகிறார், யாருக்குப் பதவி உயர்வு கொடுக்கிறார், யாரை எடுக்கிறார், யாரை அனுப்புகிறார் என்பவையே அவை. ஐந்து பேர் கொண்ட குழுவை நடத்துபவருக்கும் ஐந்நூறு பேரை நடத்துபவருக்கும் இது பொருந்தும். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்த இடங்களில் எப்படிக் கைவைப்பது என்பது பற்றித்தான்.

முதல் இரண்டு வாரம்: கேட்பது மட்டும்

எதையும் மாற்றுவதற்கு முன் எட்டு முதல் பத்துப் பேரிடம், ஒருவருக்கு அரை மணி நேரம் வீதம், தனித்தனியாகப் பேசுங்கள். எல்லா மட்டத்திலிருந்தும் ஆள் வேண்டும். சேர்ந்து இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் ஆனவர்கள் இரண்டு பேராவது அவசியம் இருக்கட்டும். பழையவர்களுக்குப் பழகிப்போன கோணல்கள் இவர்களுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும். இரண்டு மாதம்கூட ஆகாதவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஒரு வருடம் தாண்டியவர்களுக்கு எல்லாமே இயல்பாகிவிட்டிருக்கும்.

“எல்லாம் நல்லாப் போகுதா?” என்று கேட்டால் “நல்லாப் போகுது சார்” என்றுதான் பதில் வரும். கேள்வி ஒரு குறிப்பிட்ட நிகழ்வைத் தேட வேண்டும். இந்த நான்கும் நன்றாக வேலை செய்யும்:

- போன மாசம் எந்த வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டி வந்தது? ஏன்?
- இங்கே புதுசா ஒருத்தர் சேர்ந்தால், எழுத்தில் இல்லாத எந்த விஷயத்தை முதல் நாளே அவர் காதில் போடுவீர்கள்?
- மீட்டிங்கில் சொல்லாமல், வெளியே வந்த பிறகு பேசிக்கொள்வது எதைப் பற்றி?
- நான் செய்வதில் எதை நிறுத்தினால் உங்கள் வேலை சுலபமாகும்?

இரண்டாவது கேள்வியில்தான் புதையல் இருக்கிறது. “அவரிடம் காலையில் எதுவும் கேட்காதே”, “அந்த ரிப்போர்ட்டில் சிவப்பு நிறம் வரவே கூடாது”, “லீவு வேண்டுமென்றால் வியாழக்கிழமைக்குள் கேட்டுவிடு, வெள்ளிக்கிழமை கேட்டால் கிடைக்காது.” இப்படி வரும் ஒவ்வொரு வாக்கியமும் உங்கள் அலுவலகத்தின் உண்மையான விதி. அதை அப்படியே, சொன்னவர் பெயர் இல்லாமல், எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் காரியம் கெடுவது இரண்டு வழியில். ஒன்று, கேட்கும்போதே விளக்கம் சொல்லத் தொடங்குவது. “அது அப்படியில்லை, அன்றைக்கு என்ன நடந்ததென்றால்…” என்று நீங்கள் ஆரம்பித்த நொடியில் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். இன்னொன்று, கேட்டுவிட்டு மௌனமாக இருந்துவிடுவது. கடைசிப் பேச்சு முடிந்து பத்து நாளுக்குள் எல்லோரையும் கூட்டி, என்ன கேள்விப்பட்டீர்கள், அதில் எந்த இரண்டை உடனே மாற்றப்போகிறீர்கள், எதை இப்போதைக்கு மாற்ற முடியாது, ஏன் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். முடியாததைக் காரணத்தோடு சொல்வதை ஊழியர்கள் ஏற்றுக்கொள்வார்கள். கேட்டுவிட்டு மறந்துபோனதை ஏற்க மாட்டார்கள். அடுத்த தடவை கேட்டால் ஒப்புக்கு எதையாவது சொல்லிவைப்பார்கள்.

கெட்ட செய்தி வரும் முதல் நிமிடம்

இதைவிட முக்கியமான பகுதி இந்தக் கையேட்டில் வேறில்லை.

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. வந்த புள்ளிவிவரம் தலைகீழாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்ததில், அவர்கள் அதிகம் தவறு செய்ததாகத் தெரியவில்லை. நடந்ததை வெளியே சொல்ல அவர்கள் பயப்படவில்லை. 1999-இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு ‘உளவியல் பாதுகாப்பு’ (தவறையோ சந்தேகத்தையோ சொன்னால் தனக்கு எதுவும் ஆகாது என்ற நம்பிக்கை) என்ற கருத்து பரவலாகப் புழங்கத் தொடங்கியது. கூகுள் 2012-இல் தொடங்கித் தன் குழுக்களை ஆராய்ந்தபோதும், சிறந்த குழுக்களைப் பிரித்துக் காட்டிய காரணிகளில் இதுவே முதலிடத்தில் வந்தது.

ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டு வந்து, “சார், நேத்து அனுப்பின கணக்கில் ஒரு தப்பு இருக்கு. கஸ்டமருக்குப் போயிடுச்சு” என்கிறார். அடுத்த முப்பது விநாடியில் நீங்கள் செய்வது அந்த அறைக்கு வெளியே இருக்கும் எல்லோருக்கும் மதியத்துக்குள் தெரிந்துவிடும். வரிசை இப்படி இருக்கட்டும்:

1. “உடனே வந்து சொன்னதுக்கு நன்றி.” முதல் வாக்கியம் இதுதான். கோபம் இருந்தாலும் இதுதான்.
2. “இப்போ யாருக்கு என்ன பாதிப்பு? இன்னும் பரவுதா, நின்னுடுச்சா?”
3. “இதைச் சரிசெய்ய உங்களுக்கு என்ன வேணும்? யாரைக் கூப்பிடணும்?”
4. “எப்படி நடந்ததுன்னு சரிசெய்த பிறகு உட்கார்ந்து பார்ப்போம்.” அந்தப் பேச்சுக்கு ஒரு நாளும் நேரமும் அப்போதே குறித்துவிடுங்கள்.

பெரும்பாலான மேலாளர்கள் முதலில் கேட்பது, “ஏன் முன்னாடியே சொல்லலை?” கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் நேரம் தவறு. வந்து சொன்னவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது அது. அடுத்த முறை அவர் தானே சரிசெய்துவிடலாம் என்று முயற்சி செய்வார். அந்த முயற்சியில்தான் இரண்டு நாள் வேலை இரண்டு வாரமாக வளரும். முகத்தையும் கவனியுங்கள். வாய் நன்றி சொல்ல, கண் திரையை விட்டு நகராமல் இருந்தால், வந்தவர் கண்ணைத்தான் நம்புவார்.

“பிரச்சினையோட வராதீங்க, தீர்வோட வாங்க” என்பது பல அலுவலகங்களில் பெருமையாகச் சொல்லப்படும் விதி. இதை விட்டுவிடுங்கள். தீர்வு கைவசம் இருக்கும் சின்னப் பிரச்சினைகளை மட்டுமே இந்த விதி உள்ளே விடும். தீர்வு தெரியாத, அதனாலேயே ஆபத்தான பிரச்சினைகள் வாசலிலேயே நின்றுவிடும்.

இதற்கு மிகக் கொடுமையான உதாரணம் விண்வெளித் துறையில் இருக்கிறது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாமல் போகலாம், ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒருவருக்கு அறிவுறுத்தப்பட்டது. மறுநாள் காலை விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். விசாரணை நடந்தது, விதிகள் மாறின. ஆனாலும் 2003-இல் கொலம்பியா விண்கலம் அழிந்து இன்னும் ஏழு பேர் இறந்தபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து கழன்று இறக்கையில் அடித்த நுரைத் துண்டுக்கு எவ்வளவு பங்கு இருந்ததோ அதே அளவு பங்கு அமைப்பின் கலாச்சாரத்துக்கும் இருந்தது என்று விசாரணைக் குழு எழுதியது. ஒருமுறை சரிசெய்துவிட்டால் அப்படியே நிற்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

மாறாக, பால் ஓ’நீல் 1987-இல் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றபோது, தொழிலாளர் பாதுகாப்பையே முதல் இலக்காக அறிவித்தார். யாருக்காவது காயம் பட்டால், அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், மீண்டும் நடக்காமலிருக்க என்ன திட்டம் என்பதையும் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்தில் மேலே சொல்ல வேண்டுமானால், பிரிவுத் தலைவருக்குத் தொழிற்சாலைத் தளத்திலிருந்து அதற்கு முன்பே செய்தி வந்தாக வேண்டும். ஒரே ஒரு விதி, கீழிருந்து மேல்வரை எல்லா மட்டத்தையும் பேச வைத்தது. உங்கள் இடத்துக்கும் இப்படி ஒரு கால வரம்பை வைக்கலாம். கஸ்டமரைப் பாதிக்கும் தவறு என்றால் இரண்டு மணி நேரம், உள்ளுக்குள் மட்டும் என்றால் ஒரு வேலை நாள் என்பது நல்ல தொடக்கம். பாதியளவு தகவலோடு சொன்னாலும் போதும் என்பதைத் தெளிவாக அறிவியுங்கள்.

தவறுக்குப் பிந்தைய ஆய்வு

தவறைச் சரிசெய்த மூன்று முதல் ஐந்து நாளுக்குள், ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் நடத்துங்கள். அதற்கு மேல் தள்ளினால் நினைவு மங்கிவிடும். அன்றே நடத்தினால் சூடு தணிந்திருக்காது.

முதல் இருபது நிமிடம் கால வரிசை மட்டும்: எத்தனை மணிக்கு என்ன நடந்தது, அந்த நேரத்தில் அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது. “ஏன் அப்படிச் செய்தீர்கள்?” என்பதற்குப் பதில் “அந்த நேரத்தில் திரையில் என்ன தெரிந்தது?”, “எதைப் பார்த்து அது சரி என்று பட்டது?” என்று கேளுங்கள். அறிக்கையில் பெயருக்குப் பதில் பொறுப்பை எழுதுங்கள். கடைசியில் இரண்டு அல்லது மூன்று நடவடிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. பத்து நடவடிக்கை எழுதினால் ஒன்றும் நடக்காது. “இனி கவனமாக இருப்போம்” என்பது நடவடிக்கையே கிடையாது, அடித்துவிடுங்கள்.

அப்படியானால் யாரும் எதற்கும் பொறுப்பில்லையா என்ற கேள்வி வரும். மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். கை தவறி நடந்தது என்றால் ஆறுதல் சொல்லி, முறையைத் திருத்துங்கள். எல்லோரும் பிடிக்கும் குறுக்குவழியை இவரும் பிடித்தார் என்றால், அந்தக் குறுக்குவழி ஏன் தேவைப்படுகிறது என்று கண்டுபிடித்து, பயிற்சி கொடுங்கள். பெரும்பாலும் நேரம் போதாமை அல்லது நடைமுறைக்கு ஒத்துவராத விதி காரணமாக இருக்கும். ஆபத்து என்று நன்றாகத் தெரிந்தே அலட்சியமாகச் செய்தார், அல்லது மறைத்தார் என்றால் ஒழுங்கு நடவடிக்கை எடுங்கள். விமானத் துறை இந்தக் கோட்டை எப்போதோ போட்டுவிட்டது. அமெரிக்காவில் 1976 முதல் இயங்கும் ரகசியப் புகார் முறையில், வேண்டுமென்றே செய்யாத விதிமீறலைப் பத்து நாளுக்குள் தானாக முன்வந்து தெரிவித்தவருக்குப் பொதுவாக அபராதமோ உரிமத் தடையோ வராது. குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. இந்த மூன்று வகையையும் தவறு நடக்கும் முன்பே குழுவுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். நடந்த பிறகு சொன்னால் ஆளைப் பார்த்து விதி போட்டதாகத்தான் தெரியும்.

வேலையில் கெட்டிக்காரர், ஆனால் பக்கத்தில் நிற்க முடியாது

ஏறக்குறைய எல்லாக் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார். டார்கெட்டை எட்டிவிடுவார், மீட்டிங்கில் ஜூனியர்களை எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டுவார், மற்றவர் யோசனையைத் தன்னுடையதாகச் சொல்லுவார். மேலாளர் கண்டும் காணாமல் இருப்பார், ஏனென்றால் அவர் போனால் வேலை நின்றுவிடும் என்ற பயம். குழுவில் மற்றவர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றே: எண் வந்துவிட்டால் இங்கே எதுவும் செல்லும். மரியாதை பற்றி நீங்கள் அடுத்து பேசும் எதுவும் எடுபடாது. ஒரு கண்ணில் வெண்ணெய், இன்னொரு கண்ணில் சுண்ணாம்பு வைக்கும் இடத்தில் மனம் விட்டுப் பேச யார் வருவார்?

செய்ய வேண்டியது இது. முதலில், நீங்களே நேரில் பார்த்த மூன்று நிகழ்வுகளைத் தேதியோடு எழுதுங்கள். “திமிர் பிடித்தவர்” போன்ற குணச் சொல் எதுவும் வேண்டாம், என்ன சொன்னார், என்ன செய்தார் என்பது மட்டும். பிறகு தனியாக அரை மணி நேரம் உட்காருங்கள். சுற்றி வளைக்காமல் தொடங்குங்கள்: “செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் அவங்க பேசிக்கிட்டிருக்கும்போது இரண்டு தடவை குறுக்கே வெட்டி, ‘இது கூடத் தெரியாதா’ன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் அவங்களும் இன்னும் இரண்டு பேரும் கடைசி வரை வாயே திறக்கலை. இது நிற்கணும். உங்க வேலை எனக்கு வேணும், ஆனா இந்த நடத்தையோட வேண்டாம்.” பிறகு அவர் பேசட்டும், குறுக்கிடாதீர்கள். “ரிசல்ட் வருதே” என்று அவர் சொன்னால், “அதுக்கும் சேர்த்துத்தான் இது, இரண்டும் உங்க வேலையில் அடங்கும்” என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்த நான்கு வாரம், வாரம் ஒரு பதினைந்து நிமிடம் சந்தித்து, அந்த வாரம் என்ன பார்த்தீர்கள் என்பதை நல்லதும் கெட்டதுமாகச் சொல்லுங்கள். மாற்றம் தெரிந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான்கு வாரம் கழித்தும் மாறவில்லை என்றால் எழுத்தில் எச்சரிக்கை, ஆட்களை நிர்வகிக்கும் பொறுப்பை எடுத்துவிடுதல், அதற்கும் மேல் போனால் பிரிவது. இதற்கு இணையாக அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலையை இன்னும் இரண்டு பேர் கற்றுக்கொள்ளும்படி இன்றே ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பயம் இருக்கும்வரை உங்களால் உறுதியாகப் பேசவே முடியாது.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள்: “கொஞ்சம் பார்த்து நடந்துக்கோங்க” என்று பூசி மெழுகுவது (அவருக்கு எதுவும் புரியாது), யார் புகார் சொன்னார் என்பதைக் கோடி காட்டிவிடுவது, நீங்கள் பேச வேண்டியதை ஹெச்.ஆர். தலையில் கட்டுவது. பாலியல் தொல்லை, மிரட்டல், சாதி, மதம், பாலினம் சார்ந்த இழிவு ஆகியவை இந்த நான்கு வாரப் பாதைக்குள் வரவே கூடாது. அவற்றுக்கு முறையான புகார் வழியும் சட்டமும் இருக்கின்றன. வேலை உலகில் வன்முறைக்கும் தொல்லைக்கும் எதிராக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் தனி உடன்படிக்கையே கொண்டுவந்திருக்கிறது. புகார் வந்த அன்றே அந்த வழிக்கு அனுப்புங்கள், நீங்கள் சமரசம் பேசப் போகாதீர்கள்.

டார்கெட்டும் பதவி உயர்வும்

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்குகள் அல்லது சேவைகள் என்ற இலக்கோடு கிளைகளை நெருக்கினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் சுமார் 5,300 பேர் வேலை இழந்திருந்தார்கள். அத்தனை பேரும் தனித்தனியாகக் கெட்டுப்போனார்கள் என்று நம்ப முடியுமா? இலக்கு அப்படி இருந்தது, எட்ட முடியவில்லை என்று சொல்ல வழியில்லாமல் இருந்தது.

எந்த இலக்கையும் அறிவிக்கும் முன் குழுவோடு அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்த எண்ணை ஏமாற்றித்தான் எட்ட வேண்டும் என்றால் எப்படிச் செய்வீர்கள்?” தயங்காமல் சொல்லுவார்கள், ஏனென்றால் கேள்வி யாரையும் குற்றம் சாட்டவில்லை. வரும் பதில்களில் சுலபமான இரண்டை அடைக்கும்படி இன்னொரு எண்ணைச் சேர்த்துக் கட்டுங்கள். விற்பனைக்கு எண்ணிக்கை இலக்கு என்றால், மூன்று மாதம் கழித்தும் ரத்தாகாமல் இருப்பவை எத்தனை என்பதும் கூடவே. புகார்களை முடித்த வேகம் என்றால், அதே புகார் திரும்ப வந்தது எத்தனை என்பதும் கூடவே.

பதவி உயர்வு பற்றி ஒன்றே சொல்லலாம். தேர்வு விதிகளை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள், கிடைக்காதவர்களிடம் அறிவிப்பு வருவதற்கு முன் நீங்களே நேரில் சொல்லுங்கள். உங்கள் நிறுவனம் எதை மதிக்கிறது என்பதை பதவி உயர்வை அறிவிக்கும் அந்த ஒரு மின்னஞ்சலில் ஊழியர்கள் படித்துவிடுவார்கள்.

தனிச் சந்திப்பு

வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒருவருக்கு முப்பது நிமிடம். நேரடியாக உங்களிடம் ரிப்போர்ட் செய்பவர்கள் எட்டு முதல் பத்துப் பேருக்கு மேல் போனால் இது நடக்காது. அப்போது குழுவைப் பிரிக்க வேண்டும். குழுக்களிடையே ஈடுபாடு வேறுபடுவதில் குறைந்தது 70 சதவீதம் மேலாளரைப் பொறுத்தது என்று கருத்துக்கணிப்புகள் நடத்தும் கேலப் நிறுவனம் கணித்திருக்கிறது. அந்த எண்ணை முழுதாக ஏற்காதவர்கள்கூட, வேலையை விட்டவர்களிடம் காரணம் கேட்டால் எந்தப் பெயர் முதலில் வருகிறது என்பதை மறுக்க மாட்டார்கள்.

முதல் பதினைந்து நிமிடம் அவருடையது; என்ன பேசுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். வேலை எவ்வளவு முடிந்தது என்ற கணக்கை இங்கே கேட்காதீர்கள், அதற்கு எழுத்து வடிவ அறிக்கை போதும். பேச்சு ஓடவில்லை என்றால், “இந்த வாரம் எது இழுத்தடிச்சது?”, “நான் எங்கே குறுக்கே நிக்கிறேன்?” என்று கேட்டுவிட்டு, பத்து விநாடி அமைதியாக இருங்கள். அந்தப் பத்து விநாடியைத் தாங்க முடியாமல் மேலாளரே பேசத் தொடங்குவதால்தான் பல சந்திப்புகள் வீணாகின்றன. கொடுத்த வாக்கைக் குறித்து வைத்து, அடுத்த சந்திப்பை அதிலிருந்து தொடங்குங்கள். தவிர்க்க முடியாமல் ரத்து செய்தால் அதே வாரத்தில் வேறு நேரம் கொடுங்கள். இரண்டு தடவை தொடர்ந்து ரத்தானால், அந்த முப்பது நிமிடம் உங்களுக்கு முக்கியமில்லை என்பது அவருக்கு உறுதியாகிவிடும்.

மீட்டிங்கில் கடைசியாகப் பேசுங்கள்

மூத்தவர் முதலில் கருத்துச் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். முடிவெடுக்கும் கூட்டங்களில் முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் தங்கள் கருத்தைப் பேசாமல் எழுதட்டும், பிறகு இளையவரிலிருந்து வாசிக்கட்டும், கடைசியில் நீங்கள். பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கும் முன், உளவியலாளர் கேரி க்ளைன் சொல்லித்தந்த பயிற்சியைச் செய்யுங்கள்: “ஒரு வருடம் ஓடிவிட்டது, திட்டம் படுதோல்வி. என்ன காரணம் என்று எழுதுங்கள்.” தோல்வியை நடந்ததாக வைத்துக்கொள்வதால், சந்தேகத்தைச் சொல்பவர் தடைக்கல் போடுபவராகத் தெரிய மாட்டார்.

வேலைச் சுமை

தியான வகுப்பும் பரிசுப் பைகளும் தப்பில்லை. ஆனால் மூன்று பேர் வேலையை ஒருவர் செய்யும் இடத்தில் அவை எரிச்சலைத்தான் கூட்டும். வேலை தொடர்பான சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தபோது, சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே எழுதியது. ஊழியரின் மனவலிமைக் குறைவு என்று எழுதவில்லை. அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35–40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம்.

ஆகவே, புது வேலை கொடுக்கும்போதெல்லாம் “இதற்காக எதை நிறுத்துவது அல்லது தள்ளிப்போடுவது?” என்ற பதிலையும் சேர்த்தே கொடுங்கள். இரவில் உங்களுக்கு யோசனை வந்தால் எழுதி வையுங்கள், காலையில் போகும்படி நேரம் குறித்து அனுப்புங்கள். “அவசரமில்லை, நாளைக்குப் பாருங்க” என்று எழுதினாலும் இரவு பதினொரு மணிக்கு வந்த செய்தியை ஊழியர் படித்துவிடுவார், தூக்கம் போய்விடும். உண்மையான அவசரத்துக்குத் தொலைபேசி அழைப்பு மட்டும் என்று முடிவு செய்துவிட்டால், மற்ற எல்லாச் செய்திகளையும் நிம்மதியாகக் காலையில் பார்க்கலாம். நீங்களும் விடுப்பு எடுங்கள், எடுத்த நாட்களில் அலுவலகக் குழுவில் பதில் போடாதீர்கள். தலைவர் விடுப்பிலும் வேலை செய்கிற இடத்தில் ஊழியர்கள் விடுப்பு கேட்கவே கூசுவார்கள்.

நடுவில் இருக்கும் மேலாளர்கள்

பெரிய நிறுவனங்களில் முயற்சி சிக்கிக்கொள்வது இவர்களிடம்தான், ஆனால் பழியை இவர்கள்மேல் போடுவது நியாயமில்லை. மேலே இருந்து “இந்த மாதமே எண் வர வேண்டும்” என்ற நெருக்கடி, கீழே “மனம் விட்டுப் பேச வையுங்கள்” என்ற அறிவுரை, இரண்டுக்கும் நடுவில் நசுங்குகிறார்கள். நீங்கள் உங்கள் ஊழியர்களிடம் நடக்கச் சொல்லும் முறையில் முதலில் இந்த மேலாளர்களிடம் நடந்துகாட்டுங்கள். ஒரு மேலாளர் தாமதத்தை முன்கூட்டியே சொன்னதற்கு நீங்கள் மீட்டிங்கில் கடிந்துகொண்டால், அவர் தன் குழுவில் அதையேதான் செய்வார். அப்ரைசலில் இவர்களுக்கான மதிப்பெண்ணில் கணிசமான பங்கு, மூன்றில் ஒன்றாவது, ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு இருக்க வேண்டும்.

எதை எண்ணுவது, எப்போது எதிர்பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆறு முதல் எட்டுக் கேள்விகள் கொண்ட பெயரில்லாத கருத்துக்கணிப்பு போதும். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள். எழுத்து நடையை வைத்தே யார் என்று கண்டுபிடித்துவிட முடியும், அந்தப் பயம் ஒருமுறை வந்தால் பிறகு உண்மை வராது. இதோடு நான்கு எண்களை மாதாமாதம் ஒரே தாளில் எழுதுங்கள்: தவறு கவனிக்கப்பட்டதிலிருந்து உங்களுக்கு வர எடுத்த சராசரி நாட்கள், நூலிழையில் தப்பியவை பற்றிய தகவல்கள், சேர்ந்த ஒரு வருடத்துக்குள் விலகியவர்கள், எடுக்கப்படாமல் கிடக்கும் விடுப்பு நாட்கள்.

இரண்டு, மூன்று மாதத்தில் ஒரு விசித்திரம் நடக்கும். தவறுகள் பற்றிய தகவல் திடீரென்று கூடும், கருத்துக்கணிப்பில் குறைகள் நீளமாக எழுதப்பட்டிருக்கும். முன்பு இருந்ததைவிட மோசமாகிவிட்டது போலத் தோன்றும். பல தலைவர்கள் இந்த இடத்தில்தான் பதறிப்போய்ப் பழைய பிடியை இறுக்குகிறார்கள், அத்தனை உழைப்பும் ஒரே வாரத்தில் வீணாகிறது. மருத்துவமனைக் குழுக்களில் எட்மண்ட்சன் பார்த்தது இதையேதான். எண்ணிக்கை கூடும்போது இடைவெளி நாட்கள் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் சரியான வழியில் போகிறீர்கள். உங்களுக்கு மேலே இருப்பவர்களிடம் இந்த ஏற்றம் வரும் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லி வைத்துவிடுங்கள், அப்போதுதான் அந்த மாத அறிக்கை உங்களைப் பலி வாங்காது.

பிறகு எப்போதாவது ஒரு மாதம் தாள் வெறுமையாக வரும். ஒரு தவறும் இல்லை, ஒரு குறையும் இல்லை. அன்று, தொடக்கத்தில் கேட்ட அதே நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரிடம் போய் உட்காருங்கள்.